தெரியாது என்ற பொத்தான்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம், படங்களில் பெட்டி கீறுகிறேன் என்று சொல்வேன். பலர் அதைப் பகிடி என்றே நினைத்தார்கள். உண்மையில் அதுதான் வேலை. யாழ்ப்பாண நகரத்துக்குச் சற்று வெளியே, கலியாணப் படம் பிடிக்கும் ஒரு ஸ்ரூடியோவின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பதினான்கு பேர். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் படங்கள் வரும். படத்தில் கார் இருந்தால் காரைச் சுற்றி ஒரு பெட்டி கீறி, கார் என்று குறிக்க வேண்டும். மாடு இருந்தால் மாடு. இப்படி நாங்கள் குறித்துக் கொடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு கணினி தானாகவே காரையும் மாட்டையும் கண்டுபிடிக்கப் பழகிவிடும்.

எனக்கு அங்கே சரிபார்ப்பவள் என்ற பொறுப்பு. மற்றவர்கள் கீறியதை நான் பார்த்துத் திருத்துவேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் எனக்கு அந்தப் பதவியை வாங்கித் தந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அறிவுறுத்தல்களை வாசித்து, மற்றவர்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்துவதும் நான்தான். உரும்பிராயில் என் கணவருக்கு வெங்காயத் தோட்டம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் ஸ்கூட்டியில் புறப்பட்டால் இருபது நிமிடத்தில் மேசையில் இருப்பேன். நிழலில், மின்விசிறிக்குக் கீழே இருந்து செய்யும் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மாரிக்குப் பிறகு புது வேலை ஒன்று வந்தது. வானத்திலிருந்து எடுத்த படங்கள். நிறமில்லை, எல்லாம் சாம்பல். நிலம் கறுப்பாக இருக்கும், மனிதர்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவார்கள். எந்த நாடு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்து மூன்று வகைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஆள், பொருள் சுமக்கும் ஆள், நீண்ட பொருள் சுமக்கும் ஆள். நான்காவதாக ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் தெரியாது என்று பதிவாகும்.

எதற்கு இந்தப் படங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். கனடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

"வெள்ளத்திலை அகப்பட்ட ஆக்களைத் தேடுறதுக்காயிருக்கும். உதெல்லாம் அவை சொல்ல மாட்டினம்," என்றார்.

நானும் அப்படியே நம்பினேன். நம்பினேன் என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் இடறுகிறது. வெள்ளத்தில் அகப்பட்டவன் கையில் இருப்பது நீளமா கட்டையா என்று யாருக்கு என்ன தேவை? அந்தக் கேள்வி அப்போது எனக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். நாலு மாதம் பார்த்தேன்.

என் மேசைக்கு வலப்பக்கத்தில் இருந்தவள் வடமராட்சிக் கரையைச் சேர்ந்தவள். கடற்றொழில் செய்யும் குடும்பம். கரைக்காரி என்றே அவளைச் சொல்வோம். வயது இருபத்தாறு. எங்கள் எல்லாரையும்விட வேகமாகக் கீறுவாள். ஆனால் இந்தப் படங்களில் மட்டும் அவள் பின்தங்கினாள். தெரியாது என்ற பொத்தானை அவளைப் போல வேறு யாரும் அழுத்தவில்லை. ஒருநாள் நான் கண்டித்தேன்.

"தங்கச்சி, எல்லாத்துக்கும் தெரியாது எண்டால் எங்களை ஏன் வைச்சிருக்கினம்?"

"தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லச் சொல்லுறியளோ, அக்கா?"

"கொஞ்சம் உத்துப் பாத்தால் தெரியும்."

அவள் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் குறுக்காக ஒரு கோடு. "இது சவளோ துவக்கோ எண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்றாள். சவள் என்றால் தோணி வலிக்கும் தடி. துவக்கு என்றால் துப்பாக்கி. அந்தச் சொல்லை எங்கள் அலுவலகத்தில் அன்றுதான் முதன்முதலாக ஒருவர் சொன்னார். நான் என் கதிரைக்குத் திரும்பினேன்.

அடுத்த மாதம் புதிய அறிவுறுத்தல் வந்தது. வழக்கம்போல எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து, வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாம் வகையின் பெயரை மாற்றியிருந்தார்கள். நீண்ட பொருள் சுமக்கும் ஆள் என்பதற்குப் பதிலாக ஒரே ஒரு சொல். அதையும் தமிழில் சொன்னேன்.

"அச்சுறுத்தல்."

"ஆர் அச்சுறுத்தல்?" என்று பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்.

"நீட்டாய் ஏதும் வைச்சிருக்கிற ஆள்."

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தெரியாது என்ற தெரிவு நீக்கப்பட்டுள்ளது, ஒவ்வொரு ஆளையும் மூன்றில் ஒரு வகைக்குள் கட்டாயம் சேர்க்க வேண்டும். திரையைத் திறந்து பார்த்தோம். பொத்தான் இல்லை. அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

மற்றவர்கள் மேசைகளுக்குத் திரும்பினார்கள். கரைக்காரி மட்டும் என்னருகே நின்றாள்.

"அக்கா, நாங்கள் கடைசிச் சண்டைக்கு வன்னியிலை நிண்டனாங்கள். எனக்கு அப்ப பத்து வயது. மேலை ஒரு விமானம் சுத்திக்கொண்டே இருக்கும். ஆளில்லாத விமானம். இரையிறதாலை வண்டு எண்டுதான் சனம் சொல்லும்."

"எனக்கும் தெரியும்."

"அப்பா தறப்பாள் கட்டுறதுக்கு ரெண்டு தடி வைச்சிருந்தவர். இடம் மாறேக்கை தோளிலை கொண்டு திரிவார். வண்டு வந்தால் தடியளைக் கீழை போட்டிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு, முகத்தை மேலை காட்டிக்கொண்டு நிப்பார். அம்மா பேசுவா, ஓடி வந்து பங்கருக்கை இரு எண்டு. மேலை ஒருத்தன் பாத்துக்கொண்டிருக்கிறான், நான் ஆர் எண்டு அவனுக்குத் தெரியோணும் எண்டு அப்பா சொல்லுவார்."

"அப்பா இப்ப?"

"இருக்கிறார். கடலுக்குப் போறார். அம்மாதான் இல்லை."

இது எந்த நாட்டுப் படம் என்றே நமக்குத் தெரியாது, வேறு ஏதாவது தேவைக்காக இருக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். வேலையைத் தொடரச் சொன்னேன். அவள் தன் கதிரையில் போய் இருந்தாள். அந்தக் கிழமை முழுக்க எல்லாரும் மூன்று வகைக்குள் எல்லாரையும் போட்டு முடித்தோம். பொத்தான் போனபிறகு வேலை வேகமாக நடந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை காலை கரைக்காரி என்னிடம் வந்து, புதிதாகச் சேரப்போகிறவர்களைப் பழக்குவதற்குப் பத்துப் படங்கள் தெரிவு செய்திருக்கிறேன், சரியான விடையை நீங்கள் குறித்துத் தாருங்கள் என்றாள். அது என் வேலைதான். திறந்தேன். அதே சாம்பல் படங்கள். ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டு போனேன். ஆள், ஆள், பொருள் சுமக்கும் ஆள். ஏழாவது படத்தில் ஒருவன் வரம்பில் நடந்துகொண்டிருந்தான். தோளில் நீளமான ஒன்று, முன்னால் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவனைச் சுற்றிப் பெட்டி கீறி, அச்சுறுத்தல் என்று குறித்தேன். மூன்று செக்கன் பிடித்திருக்காது. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏழாவதைத் திரும்பப் பாருங்கோ, அக்கா. கொஞ்சம் பெரிசாய் இல்லை, சின்னனாய் ஆக்கிப் பாருங்கோ."

படத்தைச் சுருக்கினேன். ஓரங்கள் விரிந்தன. ஒரு கிணறு தெரிந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தொட்டி, ஒரு மூலை உடைந்த தொட்டி. அதைத் தாண்டி முருங்கை. அந்த முருங்கையில் முந்தின நாள்தான் நான் காய் பிடுங்கியிருந்தேன்.

பெட்டிக்குள் நின்றவர் என் கணவர். தோளில் இருந்தது தண்ணீர் இறைக்கும் பிளாஸ்ரிக் பைப்.

கீழ்மாடி ஸ்ரூடியோக்காரர் கலியாணங்களுக்கு ட்ரோன் கமரா பறக்கவிடுபவர். கரைக்காரி அவரிடம் சொல்லி, உரும்பிராயில் எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு தடவை பறக்கவிட்டுப் படம் எடுத்து, நிறத்தை நீக்கி, நிலத்தைக் கறுப்பாகவும் ஆளை வெள்ளையாகவும் மாற்றி, கொஞ்சம் மங்கலாக்கி மற்றப் படங்களோடு சேர்த்திருக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்ததால் இடம் அவளுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. "என்னோடை விளையாடுறியோ?" என்று சத்தமாகவே கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விளையாடேல்லை அக்கா. மற்ற ஆக்களிட்டையும் குடுத்தனான். ஆறு பேரிலை நாலு பேர் உங்களைப் போலத்தான் குறிச்சவை." திரையைக் காட்டினாள். "நத்தாருக்கு உங்கடை வீட்டிலை அத்தானின்ரை கையாலை சாப்பாடு வாங்கிச் சாப்பிட்ட ஆக்கள்தான் எல்லாரும்."

அன்று மாலை வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார்.

"அட, அண்டைக்குத் தோட்டத்துக்கு மேலை வந்தது உங்கடையோ? ஆரோ கலியாணத்துக்குப் படம் எடுக்கினம் எண்டு நினைச்சு நான் கையும் காட்டினனான்."

"கை காட்டினது படத்திலை இல்லை. அதுக்கு முன்னம் எடுத்தது."

கொஞ்ச நேரம் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "இஞ்சேரும், அப்ப நான் பைப்பை எப்பிடித்தான் கொண்டு போறது?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஒரு வழி இருக்கிறதா என்று கேட்டார். அன்று முழுதும் கேட்டவற்றில் அந்தக் கேள்விதான் என்னை நிலைகுலைய வைத்தது.

என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பிக்கிறாள். வீடு பண்டத்தரிப்பில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அங்கே போனேன். நடந்ததெல்லாம் சொன்னேன். அவள் இடையில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீ சொல்லுறதை வைச்சு ஆயுதம் எண்டு நூறு வீதம் சொல்லேலாது," என்றாள். "ஆனால் அப்பிடித்தான் தெரியுது. ஆளைத் தேடி, தெரிஞ்செடுத்து, ஆரையும் கேக்காமல் தானே அடிக்கிற ஆயுதம். அதுக்குக் கண் குடுக்கிற வேலைதான் நீங்கள் செய்யிறது."

"சட்டம் விடுமோ?"

"அதைத் தனியாய்த் தடை செய்யிற சட்டம் இன்னும் இல்லை. வருசக்கணக்காய்க் கூடிக் கூடிக் கதைக்கினம். சில நாடுகள் தடை செய்யோணும் எண்டுதுகள். சிலதுகள், இருக்கிற போர்ச் சட்டமே காணும் எண்டுதுகள்."

"இருக்கிற சட்டம் என்ன சொல்லுது?"

"சண்டை பிடிக்கிறவனையும் சாதாரண சனத்தையும் பிரிச்சுப் பாக்கோணும் எண்டுது. ஒராள் ஆர் எண்டு சந்தேகம் வந்தால், அவர் சாதாரண சனம் எண்டுதான் எடுக்கோணும் எண்டுது."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "அவை சந்தேகத்துக்கு இருந்த பொத்தானைத்தான் எடுத்தவை," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அதை எழுதி வை," என்றாள். பிறகு வேறொன்றும் சொன்னாள். "உது எங்களுக்குப் புதுசில்லை. மிதிவெடி எண்டது என்ன? புதைச்சவன் போயிடுவான். ஆர் மிதிச்சாலும் வெடிக்கும், ஆமிக்காரனோ மாடு மேய்க்கிற மனிசியோ எண்டு அது பாக்காது. ஆரும் இல்லாமல் தானே முடிவெடுக்கிற ஆயுதத்தோடை நாங்கள் முப்பது வருசம் நடந்து திரிஞ்சனாங்கள். முகமாலையிலை இண்டைக்கும் கிண்டி எடுத்துக்கொண்டுதான் இருக்கினம். அதைத் தடை செய்யச் சட்டம் வந்தது. எங்கடை நாடும் பிந்தித்தான் கையெழுத்து வைச்சது. காலெல்லாம் போன பிறகு."

மறுநாள் கரைக்காரியையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். படத்தைக் காட்டினேன், சிநேகிதி சொன்னதைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கதைத்தார்.

"என்ரை தம்பியைச் சுட்டது மெசின் இல்லை, மனிசர். பத்தடி தூரத்திலை நிண்டு, முகத்தைப் பாத்துச் சுட்டவை. அவன் ஆர் எண்டு அவைக்கு நல்லாய்த் தெரியும். மனிசன் பாத்தால் இரக்கம் வரும் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. மெசினுக்குக் கோபமில்லை, பழிவாங்கிற எண்ணமில்லை, பயமில்லை. நல்லாய்ப் பழக்கினால் பிழை குறையலாம். எங்களைப் போல ஆக்கள் பழக்கினால்தானே அது நல்லாய்ப் பழகும்?"

இதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் எங்களை என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்த ஊர் இது. மனிதன் முடிவெடுத்தால் நல்லது என்று இங்கே நின்று சொல்வது இலேசல்ல.

கரைக்காரிதான் கேட்டாள்.

"அண்ணை, உங்கடை தம்பியைச் சுட்ட ஆக்களை நீங்கள் மன்னிச்சிட்டியளோ?"

"இல்லை."

"மன்னிக்காமல் இருக்க உங்களுக்கு ஆக்கள் இருக்கினம். ரோட்டுக் கரையிலை காணாமல் போன பிள்ளையளின்ரை படத்தோடை அம்மாமார் இருக்கினம். ஏன் இருக்கினம்? பதில் சொல்ல ஆரோ ஒராள் இருக்கிறார் எண்டுதானே. எங்கடை அம்மாவை இந்தப் பெட்டி கொலை செய்திருந்தால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? செய்தவன் கொம்பியூட்டர் எண்டுவான், கொம்பியூட்டர் செய்தவன் படம் பழக்கினவை எண்டுவான், படம் பழக்கினது நான்."

முதலாளி, வேலை தந்த நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அன்றே எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது. படங்களின் பயன்பாடு இரகசியம், ஒப்பந்தத்தில் அதைக் கேட்க இடமில்லை, வேலையை உரிய தரத்தில் தொடரவும். பொத்தானைத் திருப்பித் தரும்படி நான் தனியாக எழுதியதற்கு ஒரு வரிப் பதில் வந்தது. கணினிக்குத் தெளிவான விடைகளே தேவை.

அந்த வரியை வாசித்த அன்று நான் என் குழுவைக் கூப்பிட்டேன். சந்தேகமில்லாமல் துவக்கு என்று தெரிந்தால் மட்டும் மூன்றாம் வகை. சின்னச் சந்தேகம் இருந்தாலும் ஆள் என்று குறியுங்கள், பொறுப்பு என்னுடையது என்றேன். முதலாளியிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை அப்படிச் செய்தோம். துவக்கு என்று எவருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்த படம் மிகக் குறைவு. சாம்பல் நிலத்தில் நடந்தவர்கள் எல்லாரும் வெறும் ஆட்களாகிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் கிழமை, எங்கள் தரம் அவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழே போய்விட்டதாகக் கடிதம் வந்தது. அடுத்த நாள் காலை படங்கள் வரவில்லை. வேலை வேறு எங்கோ, வேறு யாரிடமோ போய்விட்டது. இப்போது அதைச் செய்பவர்கள் அந்தப் பொத்தானைக் கேட்டிருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது.

முதலாளியால் பதினான்கு பேரையும் வைத்திருக்க முடியவில்லை. நான்கு பேர் போனார்கள். கரைக்காரி தானாகவே தன் பெயரைச் சொன்னாள். மற்ற மூவரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்திக்கு நோயாளித் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும். அச்சுவேலிச் சந்தையில் ஒருநாள் அவளைக் கண்டு சிரித்தேன். "உங்களுக்குத் தோட்டம் இருக்கு அக்கா, நீங்கள் நியாயம் பாப்பியள்," என்று சொல்லிவிட்டு மரக்கறியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் பிழையில்லை. என் முடிவின் பாரம் என்மேல் மட்டும் விழவில்லை, அதற்கு நான் அவளிடம் சம்மதம் கேட்கவுமில்லை.

கரைக்காரி இப்போது பருத்தித்துறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மருத்துவரின் கையெழுத்து விளங்காவிட்டால் திருப்பி அனுப்புவாளாம். முதலாளி அதைக் கேட்டு நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

போன வருடம் சிநேகிதி தன் மாணவர்களோடு வந்து கதைக்கும்படி என்னைக் கூப்பிட்டாள். சட்டம் தெரியாத நான் என்ன கதைப்பது என்று தயங்கினேன். நடந்ததை மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றாள். சொன்னேன். முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

"மிஸ், அச்சுறுத்தல் எண்டு பேர் மாத்த முன்னம் நாலு மாதம் நீங்கள் குறிச்சுக் குடுத்த படங்கள் இப்பவும் எங்கையோ இருக்கும்தானே. அதுக்கு நீங்கள் பொறுப்போ?"

சிநேகிதி முந்திக்கொண்டு, சட்டப்படி அவ்வளவு தூரத்தில் இருப்பவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, இதுதான் இந்த ஆயுதங்களில் உள்ள பெரிய ஓட்டை, பொறுப்பு ஆயிரம் துண்டாகப் பிரிந்து ஒருவர் கையிலும் நிற்காமல் போய்விடும் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினாள். நான் அவளை நிறுத்தினேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "என்ரை பங்கு இருக்கு. எவ்வளவு எண்டு அளந்து சொல்ல என்னாலை ஏலாது."

"அப்ப ஏன் இன்னும் அதே ஒபிசிலை வேலை செய்யிறியள்?"

வகுப்பில் ஒரு சலசலப்பு. நான் உள்ளதைச் சொன்னேன். இப்போது தக்காளி இலைகளில் நோய்ப் புள்ளிகளைக் குறிக்கிறோம். புது வேலை வந்தால், படம் எதற்கு என்று எழுத்தில் தரும்படி கேட்கிறோம். தராத இரண்டு வேலைகளை முதலாளி வேண்டாம் என்று விட்டிருக்கிறார். எழுத்தில் பொய் சொன்னால் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. இவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

அந்தப் பிள்ளை திருப்திப்படவில்லை. முகத்தில் தெரிந்தது. கொப்பியில் ஏதோ எழுதிவிட்டு, கதிரையில் இருக்காமல், அடுத்த கேள்வியைக் கேட்பதற்காக நின்றுகொண்டே இருந்தாள்.